தேன் பாட்டிலில் ஒரு எதிரி

லாரி டிரைவருக்குக் கம்பளிப்பூச்சி என்றால் ஆகாது. பிரேக் பிடிக்காத வண்டியை மலையிலிருந்து பத்திரமாக இறக்கியவர் என்று பேர் வாங்கியவர்தான். ஆனால் முள்ளங்கிப் பாத்தியில் ஒரு கம்பளிப்பூச்சியைக் கண்டால் வாளியை அப்படியே போட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடி வந்துவிடுவார். அந்தச் சனிக்கிழமை மாலையும் அப்படித்தான் வந்து நின்றார்.

"உள்ளதச் சொல்றேன் அக்கா, அது என்னையே முறைச்சுப் பாத்துச்சு."

"உங்கள முறைக்கிறத விட்டா அதுக்கு வேற வேலை இல்ல பாருங்க," என்றாள் கண்ணாடிக்கடைக்காரி, குனிந்த தலை நிமிராமல்.

அவள் மடியில் ஒரு அவரைக் கொடி கிடந்தது. பக்கத்தில் சோப்புத் தண்ணீர்க் கிண்ணம். மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி பொருத்தும் சின்ன இடுக்கியைக் கடையிலிருந்து கொண்டுவந்திருந்தாள். அதைக் கொண்டு இலை இலையாகப் புரட்டி எதையோ பிடித்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

குடியிருப்புக்குப் பின்னால், உயரமான தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுகிற இடத்தில் ஆளுக்கொரு பாத்தி பிரித்துக் கொடுத்திருந்தார்கள். வேலை முடிந்து வருகிறவர்கள் அங்கே ஒரு மணி நேரம் மண்ணைக் கிளறிவிட்டு, கொட்டகையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசுவார்கள். தோட்டத்துக்குச் செக்ரட்டரி, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மூலையில் முக்காலி போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருப்பது கண்ணாடிக்கடைக்காரியின் நாத்தனார். புருஷனின் அக்கா, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மேற்பார்வை. அவளுடைய பாத்தியும் தம்பி மனைவியின் பாத்தியும் அடுத்தடுத்து.

"சின்ன வயசுல ஏதாவது புஸ்தகத்துல பூச்சிப் படம் பாத்துப் பயந்திருப்ப," என்றார் வாத்தியார் டிரைவரிடம்.

"நான் படிச்சதே ஒரு புஸ்தகம்தான் வாத்தியாரே. அதுல கழுதைதான் வரும். கடலப் பாக்கணும்னு கிளம்பும். வழியெல்லாம் மேஞ்சுக்கிட்டே போய்க் கடைசியில கரையில நின்னு, 'இவ்வளவு பெரிய இடம், ஒரு புல்லு இல்லையே'ன்னு திரும்பி வந்துடும். அதப் படிச்சுட்டுத்தான் நான் வண்டி ஓட்டவே வந்தேன்."

"கடலப் பாக்கவா?"

"வழியெல்லாம் சாப்பிட."

வாத்தியார் மூக்கால் சிரித்தார். தன்னுடைய புத்தகம் ரயில் கால அட்டவணை என்றார். எந்த ரயில் எந்த ஸ்டேஷனில் எதற்காகக் காத்திருக்கிறது என்று படுத்துக்கொண்டே படிப்பாராம். கிராசிங்குக்காக நின்ற ஒரு பாசஞ்சர் வண்டியை நினைத்து ஒருமுறை அழுதிருக்கிறாராம்.

"பெரியக்கா, நீங்க?" என்றார் டிரைவர்.

நாத்தனார் டம்ளரைக் கீழே வைத்தாள். "ஒரு துப்பறியும் கதை. கடைசிப் பக்கமெல்லாம் கரையான் தின்னுடுச்சு. நகையத் திருடுனது யாருன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

"யாரா இருக்கும்னு நெனைக்கிறீங்க?"

"மருமகதான்."

கொட்டகை சிரித்தது. கண்ணாடிக்கடைக்காரியின் இடுக்கி மட்டும் ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது. நாத்தனாரின் பேச்சு எப்போதும் இப்படித்தான். ஓங்கி அடித்தால் திருப்பி அடிக்கலாம், இவள் ஊசியால் குத்திவிட்டு வேறு பக்கம் பார்ப்பாள். வீட்டுக்கு வந்தால் உப்பு டப்பாவை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போவாள். மறுநாள் காலை, அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போதுதான் அது தெரியவரும். புருஷனிடம் சொன்னால், "எங்க அக்காவா?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரை விரித்துக்கொள்வார்.

"உங்க புஸ்தகம் என்னக்கா?" டிரைவர் அவள் பக்கம் திரும்பினார்.

"பொறிவண்டு," என்றாள். சொன்னதும் அவள் முகம் இளகியது. "அம்மா பொறிவண்டுக்கு நிறைய குட்டி. எல்லாம் சட்டைப் பட்டன் மாதிரி உருண்டையா, செவப்பா இருக்கும். புள்ளி இருக்காது. அம்மா ஒவ்வொண்ணையும் மடியில போட்டு மையால புள்ளி வைக்கும். கடைக்குட்டி மட்டும் கூச்சத்துல ஓடிக்கிட்டே இருக்கும். அந்தப் பக்கத்த நான் தடவித் தடவிக் கிழிச்சுட்டேன். இன்னிக்கும் ஒரு பொறிவண்டப் பாத்தா எனக்கு அன்னிக்கு நாள் நல்லாயிருக்கும்."

சொல்லிக்கொண்டே இலைக்கடியிலிருந்து ஒன்றை இழுத்துச் சோப்புத் தண்ணீரில் அமுக்கினாள்.

அதற்கு அவள் வைத்த பெயர் முதலைப்பூச்சி. கறுத்து நீண்ட உடம்பு, முதுகெல்லாம் முள், பக்கவாட்டில் துருப்பிடித்தது போலத் திட்டு, வயலையே விலைக்கு வாங்கியது மாதிரி ஒரு நடை. அந்த வருஷம் எல்லோருடைய அவரையிலும் அசுவினிப் பூச்சி அப்பியிருந்தது. தளிரெல்லாம் சுருண்டு, தண்டு தெரியாமல் கறுப்பாகப் பேன் பிடித்தது போல் மொய்த்துக் கிடந்தது. கண்ணாடிக்கடைக்காரி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்ததில் ஒன்று பிடிபட்டது: அசுவினிக் கூட்டம் எங்கே அதிகமோ அங்கேதான் இந்த முதலையும் இருக்கிறது. அப்படியானால் இதுதான் தளபதி. எல்லோரையும் கூப்பிட்டு, எப்படிப் பிடிப்பது, எவ்வளவு சோப்புக் கரைப்பது என்று பாடம் நடத்தினாள். தோட்டமே முதலை வேட்டையில் இறங்கியது. பிடிக்கப் பிடிக்க அசுவினி பெருகியது.

பெருகக் காரணமும் அவளுக்குத் தெரிந்திருந்தது. நாத்தனார் களை எடுக்கமாட்டாள். அவள் பாத்தியில் கீரை பூத்து முற்றி, இடுப்பளவு புல் மண்டி, முதலைகள் குடும்பம் குடும்பமாக உலாவிக்கொண்டிருந்தன. தோட்டத்து விதி தெளிவாக இருந்தது. ஒருவர் பாத்தியிலிருந்து பூச்சி பரவினால், கூட்டம் போட்டு அந்தப் பாத்தியைப் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம். கண்ணாடிக்கடைக்காரி வாத்தியாரிடம் போய்ச் சொன்னாள். சொந்தக்காரியே சொல்லும்போது மற்றவர்கள் என்ன சொல்வார்கள்? அடுத்த வாரத்து ஞாயிறு கூட்டம் என்று முடிவாயிற்று.

சாட்சிக்கு ஒரு முதலை வேண்டும். நாத்தனாரின் பாத்தி ஓரத்திலேயே ஒன்றைப் பிடித்து, அசுவினி மொய்த்த தளிரோடு சேர்த்துப் பழைய தேன் பாட்டிலில் போட்டு, மூடியில் ஓட்டை குத்தி, கடையில் மூக்குக்கண்ணாடி அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் வைத்தாள்.

தளிரில் அசுவினி குறைந்துகொண்டே வந்தது. காய்ந்து செத்திருக்கும் என்று நினைத்தாள். பிறகு முதலையும் பாட்டில் சுவரில் வாலை ஒட்டிக்கொண்டு, கூனிக் குறுகி, அசையாமல் ஆகிவிட்டது. அதுவும் செத்தது என்று நினைத்தாள். செத்தாலும் சாட்சி சாட்சிதானே.

கூட்டத்தன்று காலை பாட்டிலை எடுக்கக் கடைக்குப் போனாள். ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே குனிந்து நுழைந்தாள். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தாள்.

முதலையின் தோல் வெடித்துச் சுவரில் வெற்றுக் கூடாகத் தொங்கியது. அதற்கு மேல், வெளிறிய மஞ்சளில், இன்னும் ஈரம் காயாத ஒரு சின்ன உருண்டை உட்கார்ந்திருந்தது.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். லென்ஸில் கீறல் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். மஞ்சள் முதுகில், தண்ணீருக்கடியிலிருந்து எழும்பி வருவது போல, புகையாக ஒரு கறை தெரிந்தது. அப்புறம் இன்னொன்று. அவை மெல்ல மெல்லக் கறுத்தன. யாரும் மை வைக்கவில்லை.

எத்தனை கிண்ணம் சோப்புத் தண்ணீர்! அவள் ஒருத்தி போட்டது போதாதென்று தோட்டத்தையே போட வைத்திருக்கிறாள்.

அலமாரியில் வரிசையாக இருந்த மூக்குக்கண்ணாடிகள், முகமில்லாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. மூடியைத் திறந்து ஜன்னலில் வைத்துவிட்டால் இது பறந்துபோய்விடும். 'சாட்சி செத்துப்போச்சு' என்றால் போதும், யாரும் கேட்கமாட்டார்கள். பாத்தி கைமாறும், களை போகும், பக்கத்துப் பாத்தியிலிருந்து ஊசிக் குத்தும் போகும். அந்த எண்ணம் எவ்வளவு சுகமாக இருந்தது என்பதுதான் அவளைச் சுட்டது. தான் வாத்தியாரிடம் போனது அசுவினிக்காக மட்டுமல்ல என்பதை, கேட்க யாருமில்லாத அந்தக் கடைக்குள் அவளால் மறைக்க முடியவில்லை. பிறகு பாட்டிலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஷட்டரை இறக்கினாள்.

கொட்டகையில் எல்லோரும் வந்திருந்தார்கள். நாத்தனார் வாசலிலேயே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மண்வெட்டி கழுவித் துடைக்கப்பட்டு, சாக்கில் சுற்றி, கயிறு கட்டிக் காலடியில் கிடந்தது. கூட்டம் என்ன முடிவு செய்யும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தம்பி மனைவியைப் பார்த்தாள். குத்துவதற்கு அவளிடம் அன்று ஊசிகூட இல்லை.

"வாம்மா. சாட்சி கொண்டாந்தியா?" என்றார் வாத்தியார்.

கண்ணாடிக்கடைக்காரி பாட்டிலை மேஜைமேல் வைத்தாள்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "இதுல பொறிவண்டுல்ல இருக்கு? முதலை எங்க?"

"இதுதான் முதலை."

"இது முதலையத் தின்னுடுச்சா?"

"இல்ல. முதலையே இதா ஆயிடுச்சு. அந்தா, கழட்டிப் போட்ட சட்டை தொங்குது பாருங்க."

வெளியே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. டிரைவர்தான் கணக்கை முதலில் போட்டு முடித்தார். "அப்போ நாம சோப்புத் தண்ணில முக்குனதெல்லாம்…"

"பொறிவண்டோட பிள்ளைங்க. அசுவினியத் தின்ன வந்ததுங்க. வீட்டக் காக்க வந்தவங்களப் பிடிச்சு முக்கிட்டு, திருடன் ஏன் குறையலன்னு கேட்டுட்டிருந்தேன். நான் சொல்லித்தான் நீங்களும் செஞ்சீங்க. எல்லாம் என் தப்பு."

"குட்டிங்க பட்டன் மாதிரி இருக்கும்னீங்களே அக்கா!"

"அந்தப் புஸ்தகத்த எழுதுனவங்க பாட்டில்ல போட்டுப் பாக்கல போல."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அவள் கடையில் வாங்கியதுதான். மறுபடி போட்டுக்கொண்டு பாட்டிலைப் பார்த்தார். "ஆக, இந்தத் தோட்டத்துல இப்போ இதுங்க மிச்சம் இருக்கற ஒரே இடம்…"

எல்லோருடைய தலையும் வாசல் பக்கம் திரும்பியது.

"அண்ணி பாத்திய எடுக்கக் கூடாது," என்றாள் கண்ணாடிக்கடைக்காரி. "எடுத்துத்தான் ஆகணும்னா என்னோடத எடுங்க."

"உன்னோடத எடுத்து யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்றாள் நாத்தனார். "அதுல அசுவினியத் தவிர ஒண்ணுமில்ல."

கொட்டகைக்கு மூச்சு வந்தது. டிரைவர் அடக்கமுடியாமல் சிரித்துவிட்டார். "பெரியக்கா, இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? அதான் பிடிக்காம விட்டீங்களா?"

"எனக்கெப்படித் தெரியும்? குனிஞ்சா இடுப்பு பிடிச்சுக்குது. அதான் எதையும் பிடுங்கல, எதையும் பிடிக்கல. சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு மரியாதை இருக்குன்னு தெரிஞ்சிருந்தா வேலைக்கே போயிருக்கமாட்டேன்."

கூட்டம் அதோடு கலைந்தது. ஆளாளுக்குக் காகிதப் பொட்டலமும் டப்பாவும் தேடிக்கொண்டு நாத்தனாரின் பாத்தி ஓரத்தில் வந்து நின்றார்கள். ஒருவரும் எட்டிப் பார்க்காத அந்தப் புதர் அன்று கடை வீதி மாதிரி ஆகிவிட்டது. அவள் சாக்கை அவிழ்த்து மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று, அந்த மரியாதையைப் பொறுமையாக அனுபவித்தாள். "டிரைவர் தம்பிக்கு ரெண்டு போதும், அதுக்கு மேல பயந்துடுவார்," என்றாள். வாத்தியாருக்குத் தாராளமாகக் கொடுத்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னார்.

எல்லோரும் போனபின் கண்ணாடிக்கடைக்காரி மட்டும் வரப்பில் நின்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் நாத்தனாரிடம் எதையும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று வைத்திருந்தாள். நாத்தனாரும் வேறு பக்கம் பார்த்தபடி நின்றாள். காற்றில் புல் சரிந்து எழுந்தது. இருவருக்கும் நடுவில் இருந்த மௌனம் வழக்கமானதுதான். ஆனால் இந்தத் தடவை அதை உடைக்கவேண்டியது யார் என்பதில் சந்தேகமே இல்லை.

"அண்ணி."

"ம்."

"எனக்கும் கொஞ்சம்…"

"உனக்கும் கொஞ்சம்னா? என்ன?"

"முதலை."

"சரியா கேக்கல. இந்தக் காது கொஞ்சம் மந்தம்."

"உங்க பாத்தியிலேர்ந்து எனக்குக் கொஞ்சம் முதலை குடுங்க, அண்ணி."

நாத்தனார் மெல்லத் திரும்பினாள். முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் இருந்த இடம் தெரிந்தது. "என்னால குனிய முடியாது. உள்ள வந்து நீயே எடுத்துக்க. வேணுங்கறத எடு."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லுக்குள் இறங்கி முட்டி போட்டாள். இடுக்கியை வெளியே எடுக்கவில்லை. ஒரு இலையை நிமிர்த்தி விரலை நீட்டினாள். முள் முதுகோடு ஒன்று ஏறி, நகத்தைத் தாண்டி, உள்ளங்கையில் நடந்தது. கூசியது. எடையே இல்லை. பின்னால் நாத்தனார் மண்வெட்டியில் சாய்ந்து நின்று பார்ப்பது தெரிந்தது.

"எல்லாத்தையும் உன் அவரைக்கே அள்ளிட்டுப் போயிடாத. எனக்கும் நாலு இருக்கட்டும்டி."

'டி' புதிது. கண்ணாடிக்கடைக்காரி அடுத்த இலைக்காகச் சாய்ந்தபோது வழியில் ஒரு கொழுத்த கோரைப்புல் நின்றது. பழக்கத்தில் அவளுடைய மறுகை அதன் அடியைப் பற்றிவிட்டது.

"கை," என்றாள் நாத்தனார்.

கை புல்லை விட்டது.