யானைக்குத் திறந்த ஹவுளு

பாங்கு சொல்லும் மோதினார் செய்னுலாப்தீன் குறுக்கே போய் நின்றார். பள்ளிவாசலின் பின்மதிலுக்கு அப்பால் யானை நின்றது, அதன் காலடியில் குட்டி. மதிலுக்கு இப்பால் வெடிமருந்து கெட்டித்த கட்டுத்துவக்கோடு மருமகன் ஜௌபர்.

ஆறு மாதமாக ஒரு துளி மழை இல்லை. காட்டுக்குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஊரில் மிஞ்சியது, தொழ வருகிறவர்கள் முகம் கைகால் கழுவி உளூ எடுக்கும் இந்த ஹவுளுத் தொட்டித் தண்ணீர் மட்டும்தான். அதுவும் நேற்றுப் பவுசர் வண்டியில் வந்தது. அந்த வாசத்துக்குத்தான் யானை வந்திருந்தது. போன கிழமை இதே யானை ஜௌபரின் சமையல் குசினிச் சுவரைத் தள்ளியதில், மோதினாரின் ஒரே மகள் ஸுல்பிகாவின் கை முறிந்தது.

"விலகுங்க மாமா. இண்டைக்கு இத விடமாட்டன்."

"குட்டியோட நிக்கிது மருமகன். வெடி பிசகினா மிதிக்கிறது உங்களத்தான். முறிஞ்ச கை பொருந்தும். நீங்க போனா அவள் விதவையா இத்தா இருக்கணும்."

ஜௌபர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மதில் குலுங்கிக் காரை உதிர்ந்தது. அஸர் தொழுகைக்கு வந்தவர்கள் உள்ளே ஓடினார்கள். வாய் கிழியக் கதைக்கும் பள்ளித் தலைவர் பாயிஸ் ஹாஜியார் எல்லோருக்கும் முன்னால் ஓடினார்.

மோதினார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஹவுளுக்குள் இறங்கினார். மாதம் ஒருமுறை தொட்டி கழுவும் தண்ணீர், மதிலுக்கு அடியால் போய் வெளியே தென்னம்பள்ளத்தில் விழும். அந்தக் குழாயின் அடைப்பைத் துழாவினார். துணி சுற்றிய கட்டை ஊறி இறுகிக் கிடந்தது. மதிலில் இரண்டு கல் பெயர்ந்து விழுந்தன. ஜௌபர் துவக்கைத் தூக்கினான். மோதினார் மூச்சைப் பிடித்து இழுக்க, கட்டை கையோடு வந்தது.

வெளியே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. யானை மதிலை விட்டுத் திரும்பியது. கல் விழுந்த ஓட்டையால் பார்த்தால், குட்டி பள்ளத்தில் மண்டியிட்டுக் குடித்துக்கொண்டிருந்தது.

"என்ன வேல பாத்தீங்க மாமா?" ஜௌபர் கத்தினான். "என்ட பொஞ்சாதிட கைய முறிச்சதுக்கா தண்ணி? இனி எதுல உளூ எடுக்கிற?"

"எனக்கும் வயிறு எரியத்தான் செய்யிது. தாகிச்ச சீவன் தண்ணியக் குடிச்சா, நமக்கு மண்ணால எடுக்கிற தயம்மும் போதும்."

மோதினார் தொட்டியிலிருந்து ஏறி வந்து முற்றத்தில் குந்தினார். இரண்டு உள்ளங்கைகளையும் மணலில் அடித்து முகத்தைத் தடவினார், பிறகு கைகளைத் தடவினார். பாயிஸ் ஹாஜியார் முணுமுணுத்துவிட்டு அவரும் குந்தினார். ஒவ்வொருவராக எல்லோரும் மணலில் கை வைத்தார்கள்.

ஜௌபர் மட்டும் துவக்கோடு நின்றான். யானை உறிஞ்சும் சத்தம் நிற்கவில்லை. மோதினார் உள்ளே போய், தொழுகைக்கு நிற்க அழைக்கும் இகாமத் சொல்லத் தொடங்கினார்.

தயம்முமுக்கு இரண்டு கையும் வேண்டும். ஜௌபர் துவக்கை மதிலில் சாய்த்துவிட்டு மணலில் குந்தினான்.