கணவரைச் சூடுபடுத்தும் முறை

என் கணவர் நல்லசிவம் அலுவலகத்திலிருந்து தினமும் ஆறிப்போய்த்தான் வீடு திரும்புவார். புகார்ப் பிரிவில் வேலை. காலையில் சூடாகத்தான் அனுப்பிவைப்பேன். மாலையில் தொட்டால் பழைய சோறு மாதிரி இருப்பார். மைக்ரோவேவில் வைத்து எடுத்த பிறகுதான் காப்பி கொடுப்பது.

பாத்திரம்தான் முக்கியம். எவர்சில்வர் தட்டு ஆகாது. போன தீபாவளிக்குத் தங்க விளிம்பு போட்ட பீங்கான் தட்டில் வைத்ததில் பொறி பறந்து, மீசை ஒரு பக்கம் கருகிவிட்டது. பிளாஸ்டிக் டப்பா என்றால் இளகி, ஒரு வாரத்துக்கு அவர் பேச்சிலேயே அந்த வாடை வரும். சூடு தாங்கும் கண்ணாடிப் பாத்திரம்தான் அவருக்குச் சரி. மூடியைக் கொஞ்சம் திறந்து வைக்கவேண்டும். ஆவி போக வழியில்லையென்றால் உள்ளே இருக்கிற கோபமெல்லாம் ஒன்றாக வெடிக்கும்.

ஒரு நாள் மகள் மைதிலியைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. இவர் என்றுமில்லாத அளவுக்குச் சில்லிட்டு வந்தார். கைக்கடிகாரம், பெல்ட், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றினார். கண்ணேறு படாமலிருக்க அவருடைய அக்கா அன்று காலையில் இடுப்பில் கட்டிவிட்ட வெள்ளி அரைஞாணை மட்டும் விடவில்லை.

“கழட்டுனா அக்கா வருத்தப்படும்.”

“பொறி பறந்து வீடு பத்திக்கிட்டா அக்கா வந்து அணைப்பாங்களா?”

யோசித்தார். அதற்குப் பதில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டதும், முழங்காலை மடக்கி உள்ளே போனார்.

பாதியில் நிறுத்தித் திருப்பி வைப்பது வழக்கம். அதற்குள் வாசல் மணி அடித்துவிட்டது. அப்படியே எடுத்துச் சட்டை மாட்டி, வந்தவர்கள் நடுவில் உட்காரவைத்தேன். இடப்பக்கம் இருந்த மாப்பிள்ளையின் அம்மாவிடம் கலகலவென்று பேசினார். வலப்பக்கம் இருந்த மாப்பிள்ளையின் அப்பா எதைக் கேட்டாலும் “பார்க்கலாம்ங்க” என்றார். அந்த மனிதருக்குப் பல் கிட்டியது. மேல்துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மைதிலி கதவோரம் நின்று என்னையே பார்த்தாள். போனில் பேசியதிலேயே அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்துப்போயிருந்தது.

“கொஞ்சம் பொறுத்துக்குங்க. இவரைத் திருப்பி வெச்சு எடுத்துட்டு வந்துடறேன்” என்றேன்.

“தாராளமா வைங்க” என்றார் மாப்பிள்ளையின் அப்பா. “எடுத்த உடனே தொட்டுராதீங்க. ரெண்டு நிமிஷம் சும்மா விட்டாத்தான் சூடு உள்ள வரைக்கும் பரவும். என்னையும் அப்படித்தான் வெப்பாங்க.”

இந்த முறை என் கணவர் ஒரே சீராகச் சூடேறி வந்தார். நேராகப் போய் மாப்பிள்ளையின் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, “இனி அவ உங்க வீட்டுப் பொண்ணுங்க” என்றார். எதிரிலிருந்தவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

பேச்சு முடிந்ததும் அந்த அம்மாள் பையைத் திறந்து மாப்பிள்ளையை வெளியே எடுத்தார். இன்னும் மாவாகத்தான் இருந்தார். உப்புப் போட்டுக் கரைத்தாயிற்று, ராத்திரி வெளியே வைத்தால் காலையில் பொங்கிவிடுவார் என்றார்.

மைதிலி சமையலறைக்குப் போய், பெரிய பாத்திரமாகப் பார்த்து எடுத்து வந்தாள்.