மெழுகுக்குள் போன வரி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நேற்று மதியம், எங்கள் வீட்டுச் சமையலறையில், என் அக்கா செய்த ஒரு மெழுகு விளக்கின் சுவரிலிருந்து வந்தது. அந்தச் சுவரில் தெரிந்ததை அவள் படித்தாள். அவள் படிக்கிறாள் என்று புரிந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் அதே நொடியில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், 'அடடா, கதை சிக்கிவிட்டது' என்று எனக்குள் ஒருத்தன் குதித்தான். இன்னும் குதித்துக்கொண்டுதான் இருக்கிறான். அவன் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும்.

எப்படித் தொடங்குவது என்பதில்தான் தகராறு.

தொடக்கம் ஒன்று: மெழுகு உருகுவதைப் போலவே மனித மனமும்— (வேண்டாம். மெழுகைப் பற்றி எழுத உட்கார்ந்தவர்கள் எல்லாரும் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள்.)

தொடக்கம் இரண்டு: அவளுக்கு வயது நாற்பத்தாறு. கண் பரிசோதனை நிலையத்தில் இருபத்திரண்டு வருட அனுபவம்— (வேலைக்கு விண்ணப்பம் போடுவது மாதிரி இருக்கிறது.)

தொடக்கம் மூன்று: "டேய், உன் கதைத் தாள் ஏதாவது சும்மா கிடக்கா?" என்று அக்கா கேட்டாள்.

மூன்றாவதே இருக்கட்டும். எல்லா வம்பும் அந்தக் கேள்வியில்தான் ஆரம்பித்தது.

2

அக்காவைப் பற்றி இரண்டாவது தொடக்கத்தில் சொன்னது உண்மைதான். ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பது அவள் வேலை. ஏழு வருடமாக நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் கதை எழுதுகிறவன். யாரிடமாவது அப்படிச் சொன்னால் பக்கத்தில் நின்று, "பகல்ல என்ன பண்றேன்னும் சொல்லுடா" என்பாள். பகலில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். அடுத்தவர் பிழையைத் திருத்துவது என் பிழைப்பு.

அக்காவுக்குத் தொடங்குவது என்றால் கொள்ளை ஆசை. வயலின் தொடங்கினாள், வில் பிடிக்க வந்ததும் விட்டாள். நீச்சல் தொடங்கினாள், மிதக்க வந்ததும் கரையேறிவிட்டாள். ஒரு ஸ்வெட்டருக்கு ஒற்றைக் கை மட்டும் பின்னினாள். அது இப்போது தண்ணீர் பாட்டிலுக்கு உறையாக இருக்கிறது.*

மூன்று மாதம் முன்பு அரிக்கேன் மெழுகு வந்தது. அரிக்கேன் விளக்குக்குக் கண்ணாடிக் கூண்டு இருக்கிறதல்லவா, இதற்கு அந்தக் கூண்டே மெழுகு. கூண்டு எரியாது. உள்ளே வைக்கும் குட்டி மெழுகுவத்திதான் எரியும். கூண்டின் சுவருக்குள் படங்களைப் புதைத்துவிடுவார்கள். சும்மா பார்த்தால் பனிமூட்டத்தில் ஏதோ இருப்பதுபோல மங்கலாகத் தெரியும். உள்ளே திரியை ஏற்றுங்கள், படம் எழுந்து உங்களைப் பார்க்கும்! நான் ஆச்சரியக்குறி போடுகிறவன் இல்லை. இதற்குப் போடாமல் முடியாது.

(* அக்காவின் மறுப்பு: "அது ஸ்வெட்டர் கை இல்ல. முதல்லேர்ந்தே பாட்டில் உறைதான்." பதிவு செய்துகொள்கிறேன், நம்பவில்லை.)

3

செய்முறையைச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் என் தப்பு உங்களுக்கு விளங்காது.

ஒரு பெரிய தகர டப்பா, அதற்குள் ஒரு சின்ன டப்பா. இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. பெரிய டப்பாவின் உள்சுவரில் படம் வெளியே பார்க்கும்படி ஒட்டி, இடைவெளியில் உருக்கிய மெழுகை ஊற்ற வேண்டும். இறுகியதும் இரண்டு டப்பாக்களையும் உருவிவிட்டால் கூண்டு தயார். சொல்லும்போது சுலபம். முதல் தடவை மெழுகு ஊற்றியதும் சின்ன டப்பா கப்பல் மாதிரி மிதந்து மேலே வந்தது. அடுத்த தடவை அக்கா அதற்குள் வேலையிடத்தில் கழித்துப்போட்ட கண்ணாடி வில்லைகளை அள்ளிப் போட்டுக் கனமாக்கினாள். டப்பா அடங்கியது, படம் கெட்டது. தடிமனான தாள், வெளிச்சம் ஊடுருவவில்லை. மீன்கொத்தி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு திட்டு.

"இது மீன்கொத்தியா, மீன்கொத்தியோட நிழலா?" என்று கேட்டேன்.

"உன் கதைல மட்டும் எல்லாம் தெளிவாவா இருக்கு?"

இந்த நிலையில்தான் ஆர்டர் வந்தது. அக்காவிடம் கண்ணைக் காட்ட வந்த பல் டாக்டரம்மா, அவள் போனில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, தன் கிளினிக்கின் காத்திருப்பு அறைக்கு ஒன்று வேண்டும் என்றார். பயந்துபோய் உட்கார்ந்திருப்பவர்கள் பார்ப்பதற்காம். சுற்றிலும் மூன்று பறவைகள்: மீன்கொத்தி, கிளி, ஆந்தை. சனிக்கிழமை ஐந்து மணிக்கு அவரே வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்வார். அக்கா செய்த ஒன்றை வெளியாள் ஒருவர் கேட்டு வாங்குவது இதுதான் முதல் தடவை. இரண்டு நாள் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

படத்துக்கு மெல்லிய தாள் வேண்டும். அச்சகத்து மெல்லிய தாளில்தான் நான் கதைகளை அச்செடுப்பேன். வெற்றுத் தாள் ஒன்றுகூட மிச்சமில்லை, எல்லாவற்றிலும் கதையாக எழுதித் தீர்த்திருந்தேன். "ஒரு பக்கம்தான்க்கா அச்சாகியிருக்கு. மறுபக்கம் சுத்தமா இருக்கு, எடுத்துக்கோ" என்று பழைய பிரதியிலிருந்து மூன்று தாளை வள்ளல் மாதிரி எடுத்துக் கொடுத்தேன்.

எண்ணெய் பட்ட தாளில் மறுபக்கம் தெரியும் என்பது பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். மெழுகும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றவில்லை.

4

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஊற்றினோம். வெந்நீருக்குள் மெழுகுப் பாத்திரம், அதற்குள் வெப்பமானி. அக்கா எண்களைச் சத்தமாகச் சொல்ல, நான் டப்பாவைத் தட்டித் தட்டிக் காற்றுக் குமிழிகளை விரட்டினேன். இறுகிய பிறகு ஃபிரிட்ஜில் வைத்தோம். பன்னிரண்டரைக்குச் சின்ன டப்பாவில் வெந்நீர் ஊற்ற, அது 'டப்' என்று கழன்றது. இரண்டு பேரும் கத்திவிட்டோம். கூண்டு முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் வந்திருந்தது.

"திரையை இழு, சீக்கிரம்!"

திரையை இழுத்தேன். அக்கா குட்டி மெழுகுவத்தியை ஏற்றி உள்ளே இறக்கினாள்.

மீன்கொத்தி எழுந்து வந்தது. அந்த நீலம் இருக்கிறதே— (விவரிக்க முயன்று நாலு வரி அடித்துவிட்டேன். நீலம், அவ்வளவுதான்.) பின்னாலேயே அதன் வயிற்றின் குறுக்கே எறும்பு வரிசைபோல ஏதோ ஊர்ந்து வந்தது. எழுத்து. என் எழுத்து. பின்பக்கத்திலிருந்து தெரிவதால் இடம் வலமாக மாறியிருந்தது.

எந்தப் பக்கம் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அடுத்த இதழுக்கு ஒரு பத்திரிகை ஏற்றுக்கொண்டிருந்த என் கதையின் முதல் பக்கம். அதில் ஓர் அக்கா வருகிறாள். வயலின், நீச்சல், ஸ்வெட்டர் எல்லாம் வரும். திருப்பிப் போட்ட எழுத்தை யார் படிக்கப்போகிறார்கள் என்று மூச்சு விட்டேன்.

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். அக்காவின் பரிசோதனை அறை சின்னது. எழுத்துப் பலகையைத் தள்ளி வைக்க இடமில்லை. அதனால் பலகை நோயாளியின் தலைக்குப் பின்னால் தொங்கும், அவர் எதிரே உள்ள கண்ணாடியில் அதைப் படிப்பார். கண்ணாடியில் நேராகத் தெரிய வேண்டுமே, அதனால் பலகையில் எல்லா எழுத்தும் இடம் வலமாகத்தான் அச்சாகியிருக்கும். பலகைக்கு நேரே நின்று குச்சியால் தொட்டுக் காட்டுவது அக்கா. இருபத்திரண்டு வருடமாக.

அவள் குனிந்து, வேலையிடத்துக் குரலில் நிதானமாகப் படித்தாள்.

"என் அக்கா... எதையும்... முடித்ததில்லை. திருமணத்தையும்... சேர்த்து."

5

அந்தக் கதையிலேயே நல்ல வரி அதுதான் என்று பத்திரிகை ஆசிரியர் போனில் சொல்லியிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சமையலறையில் அக்கா வாயால் கேட்டபோது, ஓடிப்போய் எங்காவது ஒளிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

"அச்சுக்குப் போயிடுச்சா?"

"இல்லக்கா. திங்கக்கிழமை காலைல கடைசிப் பிரதி அனுப்பணும்."

"நல்லா எழுதியிருக்கே" என்றாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திரையைத் திறந்தாள். மெழுகுவத்தியை ஊதி அணைத்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே பேசினாள். ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்.

"கல்யாணத்த யாருடா முடிச்சது? அப்பா, அம்மா, நீ. 'பொண்ணுக்குக் கல்யாணத்த முடிச்சிட்டோம்'னு போறவங்க வர்றவங்ககிட்டெல்லாம் சொன்னீங்க. உங்களுக்கு அது முடிஞ்சுது. எனக்கு அன்னிக்குத்தான் ஆரம்பம். அதுக்கப்புறம் பதினாலு வருஷம். முடிக்கணும்னு நானா யோசிச்சு, நானா வக்கீலைப் பார்த்து, நானா கையெழுத்துப் போட்டு, பெட்டியத் தூக்கிட்டு வந்தேன். என் வாழ்க்கைல நான் முழுசா முடிச்ச வேலை அது ஒண்ணுதான். அதைப் போய் முடிக்காததுல சேர்த்துட்டியேடா."

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை. ஒரு சொல்லைத் தப்பாகப் போட்டுவிட்டு அதை அழகு என்று நினைத்திருந்தேன். ஊரார் பிழையெல்லாம் திருத்துகிறவன் நான்.

"அந்த வரியை எடுத்துடறேன்க்கா."

"எடுக்காதே. எடுத்துட்டா நீ அப்படி நினைச்சதே இல்லைன்னு ஆயிடும். நினைச்சேல்ல? இருக்கட்டும். அதுக்கு அடுத்த வரியை எழுது."

"என்னன்னு எழுத?"

"எழுத்தாளன் நீயா நானா? அதுக்கு முன்னாடி ஓடிப்போய் வெத்துத் தாள் எடுத்துட்டு வா. மணி ஒண்ணாச்சு. அஞ்சு மணிக்கு ஆள் வருது!"

6

இந்த இடத்தில் வேறு விதமாகவும் முடித்திருக்கலாம். என் மேசையில் இரண்டு மாற்று முடிவுகள் கிடக்கின்றன.

(அ) டாக்டரம்மா வருகிறார். எழுத்து தெரியும் கூண்டைப் பார்த்து மயங்கிப்போய், "இதே மாதிரி எழுத்தோடு இன்னும் பத்து வேணும்" என்கிறார். தவறே வெற்றியாகிறது. (வாசகர்களுக்குப் பிடிக்கும். பல் பிடுங்க உட்கார்ந்திருப்பவர் எதற்கு என் குடும்ப விவகாரத்தைப் படிக்க வேண்டும்?)

(ஆ) அக்கா கூண்டைத் தரையில் போட்டு உடைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறாள். தம்பி துண்டுகளைப் பொறுக்குகிறான்— (பொய். அவள் உடைத்தாள்தான், மறுபடியும் உருக்குவதற்காக. கத்தியைச் சூடுபண்ணி அழகாகத் துண்டு போட்டாள்.)

நடந்தது இதுதான். நான் அச்சகத்துக்கு ஓடினேன். நாற்பத்துமூன்று வயதில் அப்படி ஓடியதை வழியில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். காவலாளியிடம், "மீன்கொத்திக்குத் தாள் வேணும்" என்று உளறி, ஒரு கட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன். படம் அச்செடுத்தோம், ஒட்டினோம், ஊற்றினோம், தட்டினோம். "எழுபத்தெட்டு, எண்பது, எண்பத்திரண்டு, போதும், ஊத்து!" என்று அக்கா கத்தினாள். நாலே முக்காலுக்கு மறுபடி அந்த 'டப்'. டாக்டரம்மா வந்தார், திரையை இழுத்தோம், மூன்று பறவைகளும் சுத்தமாக எழுந்து நின்றன. அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கூண்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"எப்ப முடிச்சீங்க இதை?" என்று கேட்டார்.

"இப்பத்தான்" என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பாமல்தான் சொன்னாள், ஆனால் அவள் காதுமடல் சிவந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தை நான் இதற்கு முன் அவளிடம் பார்த்ததில்லை.

7

இன்று ஞாயிறு. அந்த வரி இருக்கும் மெழுகுத் துண்டை மட்டும் அவள் உருக்காமல் என் மேசைமேல் வைத்திருக்கிறாள். காலையிலிருந்து அடுத்த வரியை எழுதி எழுதி அவளிடம் நீட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதல் முயற்சி: நான்தான் அவளைப் புரிந்துகொள்ளவில்லை.

"இதுல நீதான் இருக்கே. நான் எங்கே?"

இரண்டாவது: அவள் தன்னந்தனியாக எழுந்து நின்றாள்.

"அதுவரைக்கும் படுத்தா கிடந்தேன்?"

மூன்றாவது: மற்றவர்கள் முடித்துவைத்த திருமணத்தை உண்மையில் முடித்தவள் அவள்.

இதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வார்த்தை விளையாட்டு ஜோரா இருக்கு. படிக்கறவங்க உன்னைத்தான் மெச்சுவாங்க" என்று திருப்பிக் கொடுத்தாள்.

தோற்றுப்போய்ப் பேனாவை நீட்டினேன். "நீயே எழுதிடுக்கா. பாதி வாக்கியம் நான் எழுதறேன். மீதியை நீ முடி."

அக்கா பேனாவைத் தொடவில்லை.

"உங்க அத்தானோட இருந்தப்ப நான் எந்த வாக்கியம் ஆரம்பிச்சாலும் அவர்தான் முடிப்பாரு. டாக்டர்கிட்ட போனா எனக்கு எங்க வலிக்குதுன்னு அவர் சொல்லுவாரு. ஹோட்டல்ல எனக்கு என்ன வேணும்னு அவர் சொல்லுவாரு. அன்பாத்தான் சொன்னாரு, பாவம். பதினாலு வருஷத்துல எனக்கு வாயே மறந்துபோச்சு. அடுத்தவங்க வாக்கியத்துல நான் கை வெக்கமாட்டேண்டா. உன்னோடதுலயும்."

அந்த அடுத்த வரியை உங்களிடம் ஒப்படைத்துவிடுவதாகத்தான் இருந்தேன். கீழே இடம் விட்டு, 'வாசகரே, நீங்கள் எழுதுங்கள்' என்று கைகழுவிவிடுவது என் மாதிரி ஆட்களுக்கு வசதி. அவள் சொன்னதைக் கேட்ட பிறகு அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. நாளைக் காலை ஆசிரியருக்கு இந்தக் கதையை இப்படியே அனுப்புகிறேன். அக்கா எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறாள், அவசரப்படுத்தாமல், கையைக் கட்டிக்கொண்டு. நான் எழுதத் தொடங்குகிறேன். எவ்வளவு நேரமானாலும் தயவுசெய்து யாரும் எடுத்துக்கொடுக்க வேண்டாம்.

என் அக்கா