ரிஸ்க் ஓனர்

2007ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு, வேலம்பாளையத்துப் பனியன் நிறுவனம் ஒன்றின் உரிமையாளர் அர்த்தநாரி, நேரக்கூடிய ஆபத்துகளைப் பட்டியலிடும், தம் நிறுவனத்தின் முதல் இடர்ப் பதிவேட்டைப் படித்தார். ஆர்டர் தரும் வெளிநாட்டு நிறுவனம் கேட்டதால் அதனைத் தொடங்கியவள், இடர் மேலாண்மை அலுவலர் மோனிஷா. தொழில்முறைக் கையேடு ஒன்றில் கண்ட படிவத்தைத் தமிழாக்கிப் பிரிவுதோறும் கொடுத்தவள், ‘ரிஸ்க் ஓனர்’ என்னும் தலைப்பை மட்டும் அப்படியே விட்டிருந்தாள்.

தைத்த பனியன்களைச் சரிபார்க்கும் செக்கிங் பிரிவின் மேற்பார்வையாளர் நாகஜோதி பதினேழு இடர்களை எழுதி, பதினேழுக்கும் ஓனர் அர்த்தநாரியே என்று நிரப்பியிருந்தாள்.

“ஏனுங்க மோனிஷா, ஊசி ஒடஞ்சாலும் நாந்தானுங்களா? அந்தப் புள்ளய வரச் சொல்லுங்க.”

நாகஜோதி வந்தாள். எவரும் வாய் திறப்பதற்கு முன்பே நூல் வெட்டும் ட்ரிம்மரையும் அடையாள அட்டையையும் மேசைமேல் வைத்தாள். உசிலம்பட்டியிலிருந்து வந்து பதினோர் ஆண்டுகள் பார்த்த வேலை போயிற்று என்றே நம்பினாள்.

“கம்பெனிக்கு ஓனர் நீங்கதானே சார்? வேற யாரு பேரை எழுதுவேன்?”

“தப்பு என்னோடதுங்க சார்” என்ற மோனிஷா, கையேட்டைத் திறந்து ஒரு பத்தியைத் தமிழில் சொன்னாள்: ஓர் இடரைத் தடுக்கும் அதிகாரம் எவரிடம் உள்ளதோ, அவரே அதற்குப் பொறுப்பு, இடரைச் சொன்னவரைத் தண்டித்தால், அடுத்த இடரை எவரும் சொல்லார்.

“அப்ப பதினேழும் தப்புங்களா?”

“பதினாறுதான் சார் தப்பு” என்றாள் நாகஜோதி, தாழ்ந்த குரலில். “துணி களவு போகும்னு பின்கதவைப் பூட்டிச் சாவிய நீங்கதானே இடுப்புல சொருகியிருக்கீக? நீங்க கோயம்புத்தூர் போயிருக்கப்ப தீப்பிடிச்சா, சாவியத் தேடி அங்கனயா ஓடுவோம்?”

அர்த்தநாரியின் கை தானாக இடுப்புக்குச் சென்றது. சாவியைத் தொட்டதும் சிரித்துவிட்டார்.

“என்ற ஊட்டுக்காரி கூட இப்படிக் கேட்டதில்லீங்க!” ட்ரிம்மரை அவள் பக்கம் நகர்த்தினார். “எடுத்துக்க கண்ணு. இதையெல்லாம் யாரு கேட்டா?”

அவளால் உடனே எடுக்க இயலவில்லை, கண்கள் நிறைந்திருந்தன. மோனிஷா அடையாள அட்டையை எடுத்து அவள் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

முடிவானவை இவை. நாகஜோதி வேலையில் நீடிப்பாள். ‘ஓனர்’ என்பது ‘பொறுப்பாளர்’ எனத் திருத்தப்படும். வேலை நேரத்தில் பின்கதவு பூட்டப்படாது. சாவியும் அந்த இடரும் நாகஜோதியின் பொறுப்பு. கையேட்டில் அந்தப் பத்தி உள்ள இயலை மோனிஷா தமிழில் எழுதிப் பிரிவுக்கொரு படி கொடுப்பாள், முதற்படி அர்த்தநாரிக்கு.