செங்கமலத்தின் இடது கை

தீபாவளி முடிந்த வாரம் இளையபெருமாள் கிடாரும் கையுமாக பஸ்ஸை விட்டு இறங்கியபோது, ஆலத்தியூர் குடியிருப்பில் பாதிப் பேர் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். சிமெண்ட் ஆலையில் ஃபிட்டர் வேலை அவனுக்கு. முப்பத்தெட்டு வயதில் என்ன ஆசையோ! வேலை செய்யும் இடத்தில் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டும் வந்திருந்தான்: "இந்தப் பொங்கல் விழாவுல மேடையேறி வாசிக்கிறேன், பாருங்க."

அவன் மனைவி செங்கமலம் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து ரவிக்கை தைப்பவள். "வாங்கியாச்சுல்ல, ஒழுங்காக் கத்துக்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் அரியலூருக்குப் போனான். அங்கே வீரமணி என்ற இளைஞன், மெல்லிசைக் குழுவில் வாசிப்பவன், வகுப்பு நடத்தினான். மற்ற நாட்களில் ஷிப்டு முடிந்து வந்து குளித்ததும் இளையபெருமாள் கிடாரை எடுத்தால், அதிலிருந்து "டப்... டப்..." என்று பெட்டியைத் தட்டுகிற சத்தந்தான் வந்தது. ஒரு மாதம் ஆகியும் முதல் பாடமான, மூன்று விரலால் கம்பிகளை அமுக்கிப் பிடிக்கிற ஸி மேஜரைத் தாண்டவில்லை. ஸ்பேனர் பிடித்துப் பழகிய கை. கிடாரின் கழுத்தை உள்ளங்கைக்குள் வைத்து இறுக்கிப் பிடித்தான். விரல் நுனியெல்லாம் சிவந்து தடித்துப் போனது.

"கம்பி மட்டமான கம்பி" என்றான்.

நூலும் பட்டனும் வாங்க வேண்டியிருந்ததால் ஒரு ஞாயிறு செங்கமலமும் கூடப் போனாள். வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து வீரமணியின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கட்டைவிரல் மேலே எட்டிப் பார்க்கவே இல்லை. கழுத்தின் பின்புறம், நடுவிரலுக்கு நேர் எதிரே சும்மா சாய்ந்திருந்தது. உள்ளங்கைக்கும் மரத்துக்கும் நடுவே ஓர் எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்கு இடைவெளி.

"அண்ணே, கட்டைவிரல பின்னாடி கொண்டு போங்க" என்றான் வீரமணி.

"இந்தா, கொண்டு போயிட்டேன்" என்றான் இளையபெருமாள். அடுத்த நொடி கட்டைவிரல் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

மறுநாள் அவன் காலை ஷிப்டுக்குப் போனதும் செங்கமலம் மெஷினை மூடிவிட்டு கிடாரை மடியில் வைத்தாள். நேற்றுப் பார்த்தபடியே மூன்று விரலையும் வைத்து, கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டினாள். ஒன்று "ஙொர்" என்று அதிர்ந்தது. ஒன்று செத்துக் கிடந்தது. குனிந்து பார்த்தாள். ஆள்காட்டி விரல் படுத்துக்கொண்டு பக்கத்துக் கம்பியையும் சேர்த்து அமுக்கியிருந்தது. விரலைக் கூரை மாதிரி வளைத்து, நுனியால் மட்டும் அழுத்தினாள். செத்த கம்பிக்கு உயிர் வந்தது. அதிர்ந்த கம்பியில் விரல், கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் கம்பிகள் இரண்டுக்கு நட்டநடுவில் இருந்தது. வீரமணி ஃப்ரெட் கம்பியை ஒட்டினாற்போலல்லவா வைத்தான்? நகர்த்தினாள். ஓசை தெளிந்தது.

அப்புறம் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. புதிதாகத் தைக்க வருகிற பெண்கள் துணியை முரட்டுத்தனமாகத் தள்ளுவார்கள். மெஷினே துணியை இழுத்துக்கொள்ளும், கை வழிகாட்டினால் போதும் என்று அவள் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள்! இங்கேயும் அப்படித்தானோ? அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். பாதி பலத்திலும் கம்பி அதே மாதிரி பாடியது. தனியாக உட்கார்ந்து சிரித்துவிட்டாள்.

பத்து நாள் இப்படிப் போயிற்று. அரியலூரிலிருந்து அவன் கொண்டுவந்த பாடத்தாளைப் பார்த்து ஜி, ஏ மைனர் என்று அவள் போய்க்கொண்டே இருந்தாள். ஒருநாள் மெஷின் ரிப்பேருக்காக ஆலையை நிறுத்தி ஆட்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். இளையபெருமாள் வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே மணி மாதிரி ஸி மேஜர் கேட்டது.

"யாரு வந்துருக்கா நம்ம வூட்டுக்கு?" என்று கேட்டுக்கொண்டே நுழைந்தவன் மனைவியைப் பார்த்தான். நேரே குளிக்கப் போனான்.

இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது அவனே கேட்டான்: "எப்புடி புள்ள, அந்தக் கட்டைவிரலு மேல வராமப் புடிக்கிற?"

"நீங்க கெடார தாங்கிப் புடிக்கிறீங்க, கீழ விழுந்துருமோன்னு. அது மடியில ஒக்காந்துருக்குங்க. எங்கயும் போவாது. விட்டுட்டு வாசிங்க."

அவன் விட்டுவிட்டு வாசித்தான். இரண்டு கம்பி பாடியது. மிச்சம் இன்னும் டப் தான். பொங்கலுக்கு மூன்று வாரமே இருந்தது. கிடாரை அவள் மடியிலேயே வைத்தான். "நீ வாசி. நான் பாடுறேன்."

"மேடையிலயா? எனக்குக் கையே ஓடாதுங்க!"

"என் மானமே இதுலதான் இருக்கு, செங்கமலம்."

பொங்கல் விழாவில், நானூறு பேருக்கு முன்னால், செங்கமலம் கிடாரோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். இளையபெருமாளின் குரல் நல்ல குரல். அது இத்தனை நாள் யாருக்கும் தெரியாது. பழைய சினிமாப் பாட்டு ஒன்றை எடுத்தான். சரணத்தில் ஜியிலிருந்து ஸிக்குத் தாவும்போது அவள் மோதிரவிரல் கம்பியைத் தவறவிட்டது. கை நின்றுபோனது. அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதே வரியை இன்னொரு தரம், இன்னும் இழுத்துப் பாடினான். அதற்குள் விரல் இடம் கண்டுபிடித்துவிட்டது. கூட்டம் அதையே ரசித்து "ஒன்ஸ் மோர்" கேட்டது.

கீழே இறங்கியதும் ஃபிட்டர்கள் அவனைத் தூக்காத குறை. "ஏண்டா, நீ வாசிக்கிறேன்னுல்ல சொன்ன?" என்றான் கூட வேலை பார்க்கும் நல்லுசாமி.

"எங்க வூட்டுலேருந்து வாசிக்கிறோம்னு வச்சுக்கயேன்" என்றான் இளையபெருமாள்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டுப் புவனேஸ்வரி, தைக்கக் கொடுத்த ரவிக்கையைக் கேட்கிற சாக்கில் வந்து கிடாரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா, எனக்கும் சொல்லித் தரீங்களா?"

செங்கமலம் அவள் இடது கையை இழுத்து விரித்தாள். மருதாணி வைத்த ஐந்து நகமும் நீளநீளமாக வளர்ந்திருந்தன.

"தரேன். மொதல்ல இந்தக் கை நகத்த ஒட்ட வெட்டிட்டு வா."

புவனேஸ்வரி கையை உருவி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். சாயங்காலம் வெட்டிக்கொண்டு வந்து நின்றாள்.