அரிசி டின்னும் மைலோ டப்பாவும்

வாய்க்கரிசி போட சீதாலெட்சுமி அரிசியை அள்ளிய நேரம் பார்த்து, அவள் தம்பி சிவநேசன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். கையில் அவளுடைய போன்.

“அக்கா, குமுதாகிட்டருந்து மெசேஜ்.”

கிள்ளான் பக்கம் பண்டமாரானில் இருந்த வீட்டு ஹாலில், சவப்பெட்டிக்குள் அவள் புருஷன் தம்புசாமி வேட்டி சட்டையோடு படுத்திருந்தார். நேற்றுக் காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான். மகள் குமுதாவும் மருமகன் பிரவினும் ஒரு சின்னப் பாய்மரப் படகில் லங்காவியிலிருந்து கிளம்பி, இந்தியப் பெருங்கடலின் நடுவில் இருந்தார்கள். சாட்டிலைட் கருவியில் எழுத்து மட்டும்தான் வரும், போகும். அப்பா போன சேதி அவளுக்கு இன்னும் தெரியாது.

“படிடா.”

“காத்து சுத்தமா நின்னுபோச்சும்மா. இஞ்சின் சூடு தணிய கடல்தண்ணி இழுக்குற பம்புல ரப்பர் சக்கரம் கிழிஞ்சிடுச்சு. ஸ்பேர் பெட்டியில இருக்குற புதுசு உள்ள போகமாட்டேங்குது. பெரிய கப்பலுங்க போற பாதையில மிதக்குறோம். அப்பாகிட்ட உடனே கேளுங்க, வேற ஸ்பேர் வச்சாரா?”

பக்கத்தில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“சொல்லிடலாம்க்கா. பெத்த பொண்ணுலா. மறைச்சா பாவம்.”

“யாருடா மறைக்கிறா? இப்ப அழுது உக்காந்துட்டா பம்ப யாரு மாட்டுறது? இஞ்சின் ஓடட்டும், நானே சொல்றேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, ஸ்பேர் எங்கே? இந்த நேரம் பார்த்தா வாயை மூடிக்கொண்டு படுப்பார் மனுஷன் என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது. கிள்ளான் துறைமுகத்தில் படகுகளுக்குப் பம்ப் ரிப்பேர் பார்த்தே குடும்பத்தைக் காப்பாற்றியவர். ஸ்பேரை வாங்கியபடியே பெட்டியில் போட அவருக்கு மனசு வராது. பாத்திரம் கழுவுகிற சோப்பைத் தடவி இஞ்சினில் மாட்டி, ஓடவிட்டுப் பார்த்து, மறுபடி கழற்றித் துடைத்துத்தான் கட்டிவைப்பார். “ஓட்டிப் பாக்காத ஸ்பேரு சும்மா வெயிட்டு” என்பார். உள்ளே போகாதது பிரவின் கடைசி நேரத்தில் கடையில் வாங்கிப் போட்டதாக இருக்கும். அப்படியென்றால் இவர் ஓட்டிப் பார்த்தது எங்கேயோ இருக்க வேண்டும்.

சடங்கு செய்ய வந்த பண்டாரம் அவள் பக்கம் திரும்பினார். “அரிசியப் போடுங்கம்மா. நேரமாகுது.”

சீதாலெட்சுமி தன் கையிலிருந்த அரிசியைப் பார்த்தாள்.

படகு கிளம்பிய அன்று லங்காவி படகுத்துறையில் அவரோடு போட்ட சண்டை! அவள் பார்த்துப் பார்த்து நிரப்பிய அரிசி டின்னைத் திறந்து, அடியில் ஒரு பழைய மைலோ பவுடர் டப்பாவைப் புதைத்துக்கொண்டிருந்தார். “திங்கிற அரிசியில ஏங்க இந்தக் கருமத்த வைக்கிறீங்க?” என்று கத்தினாள். “இஞ்சின் கிட்ட வச்சா சூட்டுல ரப்பர் கெட்டுப்போகும்டி. இதுக்குள்ள அலுங்காம கெடக்கும்” என்றார். கயிறு அவிழ்க்கிற அவசரத்தில் மகளும் மருமகனும் எதையும் காதில் வாங்கவில்லை.

“எழுதுடா சிவா. இன்னும் தொறக்காத அரிசி டின்னு. அடியில மைலோ டப்பா. மாட்டுறதுக்கு முன்னாடி பாத்திரம் கழுவுற சோப்ப நல்லா தடவணும்.”

“அப்பா சொன்னாருன்னு எழுதவா?”

“எழுது. அவரு சொன்னதுதானே.”

பிறகு அவள் நகரவில்லை. அரிசியை இறுக்கிப் பிடித்தபடி பெட்டி ஓரத்திலேயே நின்றாள். வெளியே கூடாரத்தில் ஆம்பளைகள் முணுமுணுத்தார்கள். சவ வண்டிக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். “கொஞ்சம் பொறுங்க” என்றாள்.

போன் சத்தம் போட்டது. சிவநேசன் சத்தமாகப் படித்தான்.

“ஓடுதும்மா! பம்பு இழுத்த தண்ணி பின்னாடி நல்லா கொட்டுது. அப்பா இல்லன்னா நாங்க இன்னிக்கி அவ்வளவுதான். அப்பாவுக்கு ஒரு முத்தம் குடுங்க.”

சீதாலெட்சுமி குனிந்தாள். வேர்வையில் ஒட்டிப்போன அரிசியை அவர் வாயில் போட்டாள். நெற்றியில் மகள் கொடுத்ததைக் கொடுத்தாள்.

“பம்ப் ஓடுதாம்ங்க” என்றாள் காதோரமாக. “புள்ளைங்கள காப்பாத்திட்டீங்க. நீங்க நல்லா இருக்கணும்.”

நிமிர்ந்து தம்பியிடம் கையை நீட்டினாள். “போனைக் குடு.”

கட்டைவிரலில் ஓர் அரிசி இன்னும் ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிடாமலே, ‘குமுதா கண்ணு’ என்று எழுத ஆரம்பித்தாள்.