பாடிய மாவு

சோள ஸ்டார்ச் முதன்முதலாகப் பாடியபோது ஆய்வகத்தில் இருந்தவர்கள்: பரிசோதனை செய்யும் பெண், உற்பத்தி மேலாளர், ஸ்டோர் கீப்பர், ஒழுங்குமுறை அதிகாரி. தராசில் இருந்தது பத்து கிராம். அது பாடியது வார்த்தை இல்லாத ஒரு மெட்டு. நடுவில் ஓரிடத்தில் சுருதி இறங்கும். அதை வைத்தே நால்வரும் ஆளைக் கண்டுகொண்டார்கள். அதிகாரியின் மனைவி. பத்தொன்பது வருடம் அந்த ஆலையில் இதே மெட்டைப் பாடிக்கொண்டே மாவு சலிக்கும் இயந்திரத்தை ஓட்டியவள், மூன்று வாரம் முன்பு காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தாள். ஸ்டோர் கீப்பர் அவளுடைய தங்கை. பரிசோதனைப் பெண் ஈரப்பதம் பன்னிரண்டு சதவீதம், சாம்பல் மிகக் குறைவு, பாட்டு உண்டு என்று தாளில் எழுதினாள். வேறென்ன எழுதுவது.

வெளியே போகும் ஒவ்வொரு மூட்டையிலும் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று உறுதி சொல்லிக் கையெழுத்துப் போடுவதுதான் அதிகாரியின் வேலை. வேர்க்கடலை அரைத்த இயந்திரத்தில் சோளம் அரைத்தால் அதையும் சொல்லியாக வேண்டும். சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். உலோகத்துக்கு வரம்பு இருந்தது, பூச்சிமருந்துக்கு இருந்தது, பாட்டுக்கு இல்லை. கலப்பு உண்டு என்று எழுதினால் சலிக்கும் இயந்திரத்தைப் பிரித்துக் கழுவ வேண்டும். கழுவினால் அவள் போய்விடுவாள். ‘வேறெதுவும் கலக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் எழுதிய முதல் பொய் அது. சரக்கு குழந்தைகளுக்கான கஞ்சி மாவு தயாரிப்பவர்களிடம் போனது. அடுத்த ஏழு மாதமும் மாவு பாடியது, அவரும் கையெழுத்திட்டார். மதியச் சாப்பாட்டை இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். கொஞ்சம் சதை போட்டார்கூட.

எட்டாவது மாதம் ஒரு தாயிடமிருந்து கடிதம் வந்தது. என் பிள்ளை நான் தாலாட்டினால் அழுகிறான், கஞ்சி டப்பாவைக் காதோரம் வைத்தால் தூங்கிவிடுகிறான், என் குரல் அவனுக்கு வேண்டாததாகிவிட்டது என்று எழுதியிருந்தாள். அந்த வாரமே இன்னும் பதினோரு கடிதங்கள்.

“மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதிப் போடுங்க சார், முடிஞ்சது” என்றார் மேலாளர். “பாட்டு கேட்டு யாருக்கு வயித்து வலி வந்துச்சு?”

“இந்த அம்மாவுக்கு வந்திருக்கே.”

“ஏழு மாசமா வராத ஞானம்.”

“ஆமா” என்றார் அதிகாரி. “லேட்டுதான்.”

விற்ற சரக்கைத் திரும்ப அழைக்கும் அறிவிப்பில், காரணம் என்ற இடத்தில், என் மனைவி என்று எழுதினார். மேலிடம் கேள்வி கேட்கவில்லை. இயந்திரத்தைப் பிரித்து மூன்று முறை கழுவினார்கள். ஒவ்வொரு முறையும் பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சைக் காதில் வைத்துப் பார்த்தவர் அவர்தான். மூன்றாம் பஞ்சு ஊமையாக இருந்தது. சுத்தம் என்று எழுதினார். அது பொய்யில்லை.

திரும்பி வந்த இருநூற்றுப் பன்னிரண்டு மூட்டைகளையும் தனி அறையில் அடுக்கினார்கள். எரிக்கக் கொண்டுபோகும் லாரி வரும் நாளில், மதியம், அவர் அந்த அறை வாசலில் வந்து நின்றார். ஸ்டோர் கீப்பர் சாவியோடு எழுந்தாள்.

“அத்தான், லாரி மூணு மணிக்கு. சரக்கு உள்ள இருக்கிறவரைக்கும் கதவு பூட்டித்தான் இருக்கணும். நீங்க போட்ட சட்டம்.”

“தெரியும். பூட்டிக்கோ.”

“சாப்பாடு எங்க? வெறும் வயித்தோட உள்ள போனீங்கன்னா அக்கா என்னைத்தான் திட்டுவா.”

அவர் போய்ச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துவந்தார். உள்ளே மூட்டைகள் ஒன்றையொன்று முந்தாமல் ஒரே மெட்டைப் பாடிக்கொண்டிருந்தன. ஜன்னலோர மூட்டை ஒன்றில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். ஸ்டோர் கீப்பர் பதிவேட்டில் நேரம் ஒன்று பத்து, உள்ளே இருப்பவர்கள் இரண்டு பேர் என்று எழுதி, கதவைச் சாத்திப் பூட்டினாள்.